வேலைக்குப் போகும் வழி

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் தந்தது செங்கல் சூளை. ஆள் தந்தது ரயில். மலாயா ரயில்வேயில் வேலைக்கு வந்த தமிழரும் யாழ்ப்பாணத்தாரும் குடியேறி, கோயிலும் பள்ளியும் ஆசிரமமும் எழுப்பிய பேட்டை அது. 1950களிலிருந்து இன்னொரு கூட்டமும் வேலை தேடி அங்கே வந்து சேர்ந்தது. அவர்கள் கையில் வெள்ளைக் கோல் இருந்தது. இன்று வெளியூர்க்காரர்கள் பூக்கடையையும் புடவைக்கடையையும் வாழையிலைச் சாப்பாட்டையும் பார்க்க வருகிறார்கள். அதே தெருக்களைக் காலடியாலும் காதாலும் மனப்பாடம் செய்துவைத்திருக்கும் பார்வையற்றவர்கள் பலர் அங்கேயே குடியிருந்து, அங்கேயே பிழைக்கிறார்கள்.

அவர்களை அங்கே இழுத்தது ஜாலான் தெபிங்கில் இருக்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம். 1951இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பிரேசர் மலைக்குப் போகும் வழியில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னியின் பெயரில் 1953இல் ஒரு தொழிற்பயிற்சி மையமும் வந்தது. நாட்டின் நாலா மூலையிலிருந்தும் இளைஞர்கள் வந்து தங்கிப் படித்தார்கள். பிரம்பு முடையவும் கூடை பின்னவும் கற்றார்கள். பிறகு தொலைபேசி ஸ்விட்ச்போர்டை இயக்கவும், தட்டச்சு, சுருக்கெழுத்து வேலைகளைச் செய்யவும் பயின்றார்கள். அதற்கும் பிறகு மசாஜ் வந்தது. படித்து முடித்தவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. சங்கம் பக்கத்தில், பஸ் பக்கத்தில், தங்களைப் போன்றவர்கள் பக்கத்தில் என்று பிரிக்பீல்ட்ஸிலேயே அறை எடுத்துத் தங்கிவிட்டார்கள்.

அந்த மையத்தால் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். அதைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்ட பேச்சு. ஆனாலும் இந்த வரலாற்றில் ஒரு சங்கடம் உண்டு. எழுபது ஆண்டுகளாக ஒரே கேள்விதான் கேட்கப்பட்டு வந்திருக்கிறது: கண் தெரியாதவரால் என்ன வேலை செய்ய முடியும்? கூடை பின்னலாம் என்றது ஒரு தலைமுறை. பிளாஸ்டிக் வந்தது, கூடை போனது. போர்டில் உட்கார்ந்து அழைப்புகளை இணைக்கலாம் என்றது அடுத்த தலைமுறை. வங்கிகளிலும் அரசாங்க அலுவலகங்களிலும் மரியாதையான, ஓய்வூதியம் உள்ள உத்தியோகமாக அது இருந்தது. நேரடி எண்களும் தானியங்கிக் குரலும் வந்து அந்த நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போயின. உடம்பு பிடித்துவிடலாம் என்றது மூன்றாம் தலைமுறை. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு அமலுக்கு வந்தபோது, கடையடைத்து மாதக்கணக்கில் காத்திருந்தவர்களில் ஜாலான் தம்பிப்பிள்ளைப் பக்கத்து மசாஜ்காரர்களும் இருந்தார்கள். தொட்டால்தான் கூலி என்ற தொழிலுக்குத் தொடக்கூடாது என்ற உத்தரவைவிடப் பெரிய இடி வேறென்ன?

விடை இரண்டு முறை மாறியது. கேள்வி அப்படியே இருந்தது. கண் தெரியாதவருக்கென்று ஒரு வேலையைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் இருந்த அக்கறை, எந்த வேலையிடமும் அவர் நுழையத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதில் இருக்கவில்லை.

இது மலேசியாவின் தனிக்குறை அல்ல. மசாஜைப் பார்வையற்றோரின் தொழிலாகக் காத்து வளர்த்த மரபு ஜப்பானில் நூற்றாண்டுகள் பழையது. தென்கொரியாவில் சட்டமே அந்தத் தொழிலை அவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்திருந்தது. 2006இல் அந்த ஒதுக்கீடு அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பார்வையற்றவர்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். சட்டம் மறுபடி எழுதப்பட்டு, 2008இல் அதே நீதிமன்றம் அதை ஏற்றது. ஒரு தொழிலின் வாசலில் வேலி போட்டுக் காப்பது பசிக்குப் பதில் சொல்கிறது, உண்மை. மற்ற எல்லா வாசல்களும் பூட்டிக்கிடப்பதை எவரும் கேட்காமல் இருக்கவும் அது வழிசெய்துவிடுகிறது.

அலுவலகத்தை வடிவமைப்பது என்றால் மேசை, நாற்காலி, கழிப்பறை என்றுதான் மனம் போகும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அது வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. 1990களின் நடுவில் கோலாலம்பூரின் முதல் எல்ஆர்டி தடமான ஸ்டார் கட்டப்பட்டபோது, அதில் சக்கர நாற்காலி ஏற வழி இல்லை என்று மாற்றுத்திறனாளிகள் தெருவில் நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். 1996 டிசம்பரில் ரயில் ஓடத் தொடங்கியது. படிக்கட்டுகள் படிக்கட்டுகளாகவே இருந்தன. இரண்டாவது தடமான புத்ரா 1998இல் மின்தூக்கிகளோடு வந்தது. முதல் தடத்தின் நிலையங்களில் மின்தூக்கி பொருத்தப்பட மேலும் பல ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் ஒருவர் எங்கே வேலைக்குப் போகலாம் என்பதைத் தீர்மானித்தது அவருடைய சான்றிதழ் அல்ல, எந்தத் தடத்தின் ஓரம் வீடு கிடைத்தது என்பதுதான்.

பிரிக்பீல்ட்ஸிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் 2001இல் திறந்தது. மோனோரயில் 2003இல் ஓடியது. இரண்டு நிலையங்களுக்கும் ஒரே பெயர். நடுவில் ஜாலான் துன் சம்பந்தன் பக்கத்துப் போக்குவரத்து. நூ சென்ட்ரல் பேரங்காடி 2014இல் எழுந்து இரண்டையும் கூரைக்குக் கீழ் இணைக்கும் வரை, நாட்டின் பார்வையற்றோர் தலைநகரம் என்று சொல்லத்தக்க பேட்டையில், வெள்ளைக் கோலோடு ரயில் மாறுகிறவர் தெருவில் இறங்கி, வெளியே சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. கடைசியில் இணைப்பைக் கொண்டுவந்ததும் ஓர் அங்காடி.

நடைபாதையில் குமிழும் கோடுமாகப் பதிக்கப்படும் மஞ்சள் ஓடுகளை 1965இல் கண்டுபிடித்தவர் ஜப்பானியரான செய்இச்சி மியாகே. ஒகயாமாவில் பார்வையற்றோர் பள்ளி அருகே 1967இல் முதன்முதலில் பதித்தார்கள். கோடு என்றால் போகலாம், குமிழ் என்றால் நில். உலகம் முழுவதும் பரவிய இந்த எளிய மொழியைப் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையிலும் எழுதியிருக்கிறார்கள். அதன்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதும், கடை மேசையைப் போடுவதும், தீபாவளிச் சந்தைக்குக் கூடாரக் கால் ஊன்றுவதும் நம்மவர்கள்தான். மாநகராட்சியைத் திட்டுவதற்கு முன் இதையும் சொல்லியாக வேண்டும்.

சட்டத்தின் பக்கம் திரும்பினால் தாளுக்குப் பஞ்சமில்லை. பொதுச் சேவையில் ஒரு விழுக்காடு வேலைகள் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988இல் அரசாங்கம் சுற்றறிக்கை விட்டது. 2008இல் அதையே இன்னொரு சுற்றறிக்கையில் மறுபடி சொன்னார்கள். அந்த ஒரு விழுக்காடு எட்டப்படவில்லை என்பதை அமைச்சர்களே பல முறை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் புழங்க வசதி இருக்க வேண்டும் என்று கட்டட ஒழுங்குவிதிகளில் 34ஏ என்ற பிரிவு 1990களில் சேர்க்கப்பட்டது. பழைய கட்டடங்களுக்கு மூன்றாண்டு அவகாசமும் தரப்பட்டது. அந்த மூன்றாண்டு முடிந்து வெகுகாலம் ஆகிறது.

பிறகு, மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008. மற்றவர்களுக்குச் சமமாக வேலை பெறும் உரிமை இவர்களுக்கு உண்டு என்று அதன் 29ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. அதை மீறும் முதலாளிக்கு என்ன தண்டனை? அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்று உறுதிசெய்தது. ஆனால் மதம், இனம், வம்சம், பிறந்த இடம், பாலினம் என்று பாகுபாடு கூடாத காரணங்களை எண்ணிச் சொல்லும் அரசியல் சாசனத்தின் 8(2) பிரிவில் உடற்குறை என்ற சொல் இன்னும் ஏறவில்லை. பாலினம்கூட 2001இல்தான் ஏறியது. சக்கர நாற்காலியில் மேலவைக்குப் போன பத்மாவதி கிருஷ்ணன் 2013 முதல் அங்கே மாற்றுத்திறனாளிகளின் பிரதிநிதியாக இருந்தார். ஒரு தமிழ்ப் பெண் அந்த இடத்தில் அமர்ந்தது பெருமைதான். நியமன இருக்கைக்குக் குரல் உண்டு; சட்டத்துக்குப் பல் முளைக்க வைக்க அது மட்டும் போதவில்லை.

சிறிய முன்னேற்றமும் உண்டு. 2023 ஜனவரியில் அமலுக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, வேலையில் பாகுபாடு பற்றிய தகராறைத் தொழிலாளர் இலாகா விசாரித்து முடிவு சொல்லலாம். அந்த உத்தரவை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித்தரும்படி தொழிலாளி எழுதிக் கேட்டால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுக்கலாம், ஆனால் காரணம் சொல்லித்தான் மறுக்க முடியும். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, காலை நெரிசலில் ரயில் ஏற முடியாத ஒரு கணக்கருக்கு இந்த இரண்டு பிரிவுகள், நூறு விழிப்புணர்வு நடையோட்டங்களைவிடப் பயனுள்ளவை.

இனி அலுவலகத்துக்குள் நுழைவோம். சரிவுப்பாதை ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் இருக்க வேண்டும். சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். இவை எல்லாம் கட்டடக் கலைஞர்களுக்குத் தெரிந்த கணக்குகள். தெரிந்தும் நடப்பது என்ன? மாற்றுத்திறனாளிக் கழிப்பறை துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையாகிறது. அதன் சாவி துப்புரவுத் தொழிலாளியின் இடுப்பில் இருக்கிறது. தீ அலாரம் அடித்தால் மின்தூக்கியைப் பயன்படுத்தாதீர் என்று எழுதிவைத்த கட்டடத்தில், 14ஆம் மாடியில் சக்கர நாற்காலியில் இருப்பவர் என்ன செய்வது என்று யாரும் எழுதிவைப்பதில்லை. தீயணைப்புப் பயிற்சி நாளில் அவரை “நீங்க இருங்க, இது பயிற்சிதானே” என்று மேசையிலேயே விட்டுவிட்டுப் போகும் அலுவலகங்கள் உண்டு. அன்பாகத்தான் சொல்கிறார்கள். அந்த அன்பின் பொருள், நிஜமாகத் தீப்பிடித்தால் இவருக்கென்று நம்மிடம் எந்த ஏற்பாடும் இல்லை என்பதுதான்.

கண்ணுக்குத் தெரியாத படிகள் இன்னும் அதிகம். திரைவாசிப்பான் மென்பொருளோடு ஒரு பார்வையற்றவர் கடிதம் எழுதுவார், கணக்குப் பார்ப்பார், நிரலும் எழுதுவார். ஒரு காலத்தில் அந்த மென்பொருளின் விலை பல மாதச் சம்பளம். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் தொடங்கிய என்விடிஏ இலவசம்; தமிழையும் வாசிக்கும். ஆனால் விடுப்பு விண்ணப்பிக்கும் நிறுவனத் தளத்தில் பொத்தான்களுக்குப் பெயரே எழுதப்படவில்லை என்றால், “பொத்தான், பொத்தான், பொத்தான்” என்றுதான் அது படிக்கும். மேலதிகாரி சுற்றறிக்கையைப் படமாக ஸ்கேன் செய்து அனுப்பினால் அதற்கு ஒன்றுமே கேட்காது. இதைத் திருத்தச் செலவு அநேகமாக இல்லை. அமெரிக்காவில் முதலாளிகளுக்கு இத்தகைய மாற்றங்கள் குறித்து ஆலோசனை தரும் அமைப்பு ஒன்று பல்லாண்டுகளாக நடத்திவரும் கணக்கெடுப்பில், ஊழியருக்காகச் செய்துகொடுத்த மாற்றங்களில் ஏறக்குறைய பாதிக்குக் காசே ஆகவில்லை. ஒருமுறைச் செலவு பிடித்தவற்றின் நடுமதிப்பு 300 டாலர் அளவுதான்.

பிரிக்பீல்ட்ஸுக்கு அடுத்த பேட்டை பங்சார். அங்கே பங்சார் வில்லேஜ் 2 கட்டடத்தில் 2016 ஜூலையில் ஸ்டார்பக்ஸ் ஒரு கடை திறந்தது. பணியாளர்களில் பத்து பேர் காது கேளாதவர்கள். உலகில் ஸ்டார்பக்ஸ் திறந்த முதல் சைகைமொழிக் கடை அதுதான். காது கேளாதோருக்கான மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் துணையோடு அதை அமைத்தார்கள். மலேசியாவில் கேஎஃப்சி 1980களிலேயே காது கேளாதோரைக் கொண்டு கிளை நடத்தியிருக்கிறது என்பதால் யோசனை முற்றிலும் புதிதல்ல. புதிதாக இருந்தது வேலை ஓடிய விதம். வாடிக்கையாளர் அட்டையில் குறித்துக் காட்டி ஆர்டர் கொடுத்தார். ரசீதில் எண் வந்தது. பானம் தயாரானதும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் திரையில் அந்த எண் மின்னியது. பேசத் தெரிந்தவர்தான் அங்கே ஒரு நிமிடம் திண்டாடினார், பிறகு பழகிக்கொண்டார். வாஷிங்டனில் 2018இல் அதே நிறுவனம் திறந்த சைகைமொழிக் கடைக்கு முன்மாதிரி கோலாலம்பூர்தான். மேற்கே கண்டுபிடித்ததை நாம் நகலெடுப்பதுதான் வழக்கம். இது எதிர்த்திசையில் போன சரக்கு.

ஒரு பன்னாட்டுக் காப்பிக் கம்பெனியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. அந்த ஏற்பாட்டில் ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்கலாம். காது கேளாதவரால் என்ன செய்ய முடியும் என்று அங்கே கேட்கவில்லை. காப்பிக் கடையில் காது எந்தெந்த இடத்தில் தேவைப்படுகிறது என்று பார்த்து, அந்த இடங்களில் கண்ணை வைத்தார்கள். கர்னி மையம் ஆளைப் பழக்கி வேலைக்கு அனுப்பியது. இங்கே வேலையைப் பழக்கினார்கள்.

கிள்ளானில் கதை வேறு மாதிரி. அங்கே சமூகநல இலாகாவின் பெங்கேல் டாயா என்ற பட்டறை இருக்கிறது. வெளிவேலைக்குப் போக முடியாது என்று கருதப்படும் மாற்றுத்திறனாளிகள் ஒரு கூரைக்குக் கீழ் பாதுகாப்பாக வேலை செய்து சிறு தொகை பெறுகிறார்கள். பகல் முழுதும் வீட்டுக்குள் அடைந்திருக்க வேண்டிய மகனோ மகளோ காலையில் புறப்பட்டு மாலையில் கைக்காசோடு திரும்புவது பெற்றோருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்தப் பெற்றோர்தான் சொல்ல வேண்டும். அந்த ஐநா உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2022இல் வெளியிட்ட விளக்கம், இத்தகைய தனிப் பட்டறைகளைப் படிப்படியாக மூடி, அவர்களைத் திறந்த வேலைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது. கொள்கை சரி. ஆனால் வெளியே படியும் பூட்டிய கழிப்பறையுமாக இருக்கும்போது பட்டறையை மட்டும் மூடினால், மிச்சமிருப்பது வீட்டுச் சுவர்தான். வரிசை முக்கியம்.

அந்த வரிசைக்கு ஒரு பாலம் மலேசியாவிலேயே இருக்கிறது. 2005 முதல் ஜப்பானிய ஒத்துழைப்பு நிறுவனமான ஜைக்காவின் துணையோடு சமூகநல இலாகா வளர்த்த ‘ஜாப் கோச்’ முறை அது. கற்றல் குறையுள்ள ஓர் இளைஞர் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தால், முதல் சில வாரங்கள் கோச் பக்கத்தில் நிற்பார். வேலையைச் சிறுசிறு படிகளாக்கிப் படம் ஒட்டித் தருவார். பிறகு மெல்ல விலகி, பக்கத்தில் வேலை செய்யும் அண்ணனோ அக்காவோ அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்படி செய்துவிட்டுப் போவார். அதிகம் பேசப்படாத, விளம்பரத்துக்கு உதவாத, ஆனால் வேலை நிலைக்கச் செய்யும் முறை. கோச் அதிகம் கற்றுக்கொடுப்பது அந்த இளைஞருக்கா, சக ஊழியர்களுக்கா என்பது யோசிக்க வேண்டியது.

கிள்ளான் துறைமுகமும் தொழிற்பேட்டைகளும் இன்னொரு உண்மையையும் சொல்கின்றன. மாற்றுத்திறனாளி என்றதும் பிறவியிலேயே அப்படி வந்தவரை நினைக்கிறோம். எந்திரத்தில் விரலை விட்டவர், ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது லாரியில் மோதிக் காலிழந்தவர், நீரிழிவில் பார்வை மங்கியவர் என்று பலர் வேலையில் இருக்கும்போதே மாற்றுத்திறனாளி அட்டைக்கு உரியவர்களாகிறார்கள். 2019 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4. கால் நீக்கம், விழித்திரைப் பாதிப்பு, டயாலிசிஸ் எல்லாம் இந்த எண்ணுக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. ஆகவே அலுவலக வாசல் படியை எடுப்பது எங்கிருந்தோ வரப்போகும் ஒரு விண்ணப்பதாரருக்காக மட்டுமல்ல. பதினைந்து வருடமாக அங்கேயே வேலை பார்க்கும் நாற்பத்தைந்து வயது மேற்பார்வையாளர் அடுத்த ஆண்டும் உள்ளே வருவதற்காகவும்தான்.

சொக்சோ என்று நாம் சொல்லும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ 2007இல் தொடங்கிய ‘வேலைக்குத் திரும்புதல்’ திட்டம் இவர்களுக்கானது. விபத்தோ நோயோ கண்டவருக்கு ஒரு பொறுப்பாளர் நியமிக்கப்படுவார். அவர் மருத்துவரிடமும் முதலாளியிடமும் பேசி, செயற்கைக் கால், பயிற்சி, மாற்றுப் பணி என்று ஏற்பாடு செய்வார். அதே பெர்கேசோவின் இன்னொரு கதவில் இயலாமை ஓய்வூதியம் இருக்கிறது. அதைப் பெற, வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாது என்று நிரூபிக்க வேண்டும். ஒரு கதவில் ‘என்னால் முடியும்’ என்று காட்ட வேண்டும், அடுத்ததில் ‘என்னால் முடியாது’ என்று காட்ட வேண்டும். முதலாளி திரும்ப எடுத்துக்கொள்வாரா என்பது நிச்சயமில்லாதபோது எந்தக் கதவு மனிதரை இழுக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலும் தமிழர் நடத்தும் கடைகள், கணக்காய்வு நிறுவனங்கள், வழக்கறிஞர் அலுவலகங்கள், அச்சகங்கள், லாரிக் கம்பெனிகள் எத்தனையோ. பெரும்பாலானவை கடைவீட்டு மாடியில், குறுகிய செங்குத்துப் படிக்கட்டுக்கு மேலே. அந்தப் படிக்கட்டை இடித்துத் தள்ளச் சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் ஒரு மேசை போடலாம். வீட்டிலிருந்தே செய்யத்தக்க கணக்கு வேலையை வீட்டிலிருந்தே வாங்கலாம். கடை முன் அஞ்சடி நடைபாதையில் அடுக்கியிருக்கும் பெட்டிகளை உள்ளே எடுத்துவைக்கலாம். மாற்றுத்திறனாளி ஊழியருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு இரட்டை வரிக் கழிவு 1982இலிருந்தே விதியில் இருக்கிறது. அவருக்காக வாங்கும் கருவிகளுக்கும் அலுவலகத்தில் செய்யும் மாற்றங்களுக்கும் வருமான வரிச் சட்டத்தில் கழிவு உண்டு. இந்த ஆண்டு வரிக் கணக்குப் போடும்போது, இவை இரண்டையும் பற்றி உங்கள் கணக்கரிடம் கேளுங்கள்.